கொடிக் கயிறு

11 நவம்பர் 2024

இன்று காலை புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய்விட்டு வந்தேன். முன்பெல்லாம் தாத்தா மெடல் குத்திக்கொண்டு போவார், அவர் காலத்துக்கப்புறம் நான் போகிறேன். இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காகச் சண்டை பார்த்த நம்மூர் சொல்தாக்கள் (சிப்பாய்கள்) இனி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? தாத்தா, பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற தியென் பியென் பூ முகாமில் தரையில் நின்று சண்டை போட்டவர் இல்லை. ஹனோயிலிருந்து டகோட்டா சரக்கு விமானத்தில் போய் மேலேயிருந்து மூட்டை தள்ளியவர். அதனால் அவரிடம் யாரும் பெரிதாகக் கதை கேட்டதில்லை. நானே அவருடைய கடைசி இரண்டு வருடத்தில்தான் கேட்டேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

14 நவம்பர்

ஹனோயிலிருந்து தியென் பியென் பூ பள்ளத்தாக்கு சுமார் 300 கிலோமீட்டர், வழியெல்லாம் மலை, சாலையோ எதிரியான வியட்மின் படை கையில். அரிசி, 105 மி.மீ. பீரங்கிக் குண்டு, முள்கம்பி, மருந்து, வினோஜெல் என்கிற கெட்டியாக்கிய ஒயின் வரை எல்லாமே ஆகாய வழிதான். டகோட்டாவுக்குக் கதவு பக்கவாட்டில் இருக்கும், ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் தள்ள முடியும், அதனால் இரண்டரை டன்னை இறக்க சுடுகிறவன் தலைக்கு மேலேயே பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றி வரவேண்டும். சி-119 என்கிற பெரிய சரக்கு விமானம் என்றால் பின்பக்கம் திறப்பு, ஆறு டன் ஒரே மூச்சில் சரிந்துவிடும். பைலட் மணி அடித்ததும் முதுகை முட்டுக்கொடுத்து இரண்டு காலாலும் உதைக்க வேண்டும் என்று சொல்லி, 78 வயதில் திண்ணையில் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, ஆயாவின் அரிசி மூட்டையை எனக்கு உதைத்துக் காட்டினார். மூட்டை நகர்ந்தது. ஆயா கத்தினாள்.

20 நவம்பர்

1953இல் இதே நாளில்தான் பிரெஞ்சு பாராசூட் படை அங்கே குதித்தது. அடுத்த மார்ச் 13 அன்று எதிரியின் பீரங்கித் தாக்குதல் ஆரம்பித்தது, அந்த மாதக் கடைசியோடு ஓடுதளமும் போச்சு. 37 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு பயந்து மேலே மேலே போய்ப் போட வேண்டியிருந்தது, முகாமோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது, போட்டதில் எவ்வளவோ எதிரி பக்கம் விழுந்தது. "நான் தள்ளின குண்டு நம்ம பசங்க மேலயே வெடிச்சிருக்கும்டா" என்று தாத்தா சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. மே 6 அன்று ஒரு சி-119 அடிபட்டு விழுந்து, மெக்கவர்ன், பியூஃபோர்ட் என்ற இரண்டு அமெரிக்க விமானிகள் இறந்தார்கள். மறுநாள் முகாமே விழுந்தது. வருடா வருடம் மே 7 அன்று தாத்தா சாப்பிட மாட்டார், ஆயா அடுப்பே பற்றவைக்க மாட்டாள்.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல். இன்றுதான் கரண்ட் வந்தது. முழங்கால் தண்ணீரில் டிரங்குப் பெட்டி நனைந்து, அவருடைய பட்டாளத்துப் புத்தகம் ஊறிப்போயிருந்தது. உள்ளறையில் ஆயா புடவை போடும் கொடி, பழுதான பாராசூட்டிலிருந்து தாத்தா வெட்டிக்கொண்டு வந்த வெள்ளைக் கயிறு, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. சுவரில் ஆணி பெயர்ந்து அது தண்ணீரில் கிடந்தது. பெரிய சாமான்களை முதலில் எடுக்கலாம் என்றேன்.

"அத முதல்ல கட்டு கண்ணு, மத்தது அப்புறம்" என்றாள் ஆயா.

ஜன்னல் கம்பியில் கட்டினேன். புத்தகத்தை ஏடு ஏடாகப் பிரித்து அதில் காயப்போட்டிருக்கிறோம்.