டக்கென்ற சத்தமும் உடைந்த நத்தை ஓடும்

பட்டர்வொர்த்தில் மீன்தொட்டியைக் கலைத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம் 7 கிலோ லைவ் ராக், அதாவது ஓட்டைகளில் சின்னச் சின்னக் கடலுயிர்கள் குடியிருக்கும் பாறை, வாங்கினேன். பினாங்கில், ஜெலுத்தோங் பிளாட்டில் என் இரண்டரை அடி உப்புத்தண்ணீர்த் தொட்டி ஓடத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. பாறை போதவில்லை என்பது ரொம்ப நாள் குறை. ஈரத்துணியில் சுற்றி, வாளியில் மூடி வைத்து, பாலம் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தேன். தனி வாளியில் சில வாரம் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆசை பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே தொட்டியில் அடுக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு காற்றாடியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டதோ என்று பதறி எழுந்து ஓரமெல்லாம் தடவிப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே சத்தம். அந்த வாரத்திலேயே இரண்டு டர்போ நத்தைகளைக் காணோம். மூன்றாவது நத்தையின் ஓடு மட்டும் மணலில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். வாயோரம் கடித்துவைத்த முறுக்கு மாதிரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது, உள்ளே சதை துளியும் இல்லை. ஹெர்மிட் நண்டு தின்றிருந்தால் ஓடு பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும்.

சத்தமும் சாவும் சேர்ந்து வந்ததால் இரண்டும் ஒரே ஆளின் வேலை என்று முடிவு கட்டினேன். நத்தை ஓட்டை அடித்து உடைக்கும் மேன்டிஸ் இறால்தான், பாறைக்குள் ஒளிந்து வந்திருக்கும் என்று தொட்டி வைத்திருக்கும் நண்பர்களும் சொன்னார்கள். “பாறை ஓட்டைக்குள்ள ஊசியால சுடுதண்ணி அடிச்சு விடு மச்சான், கதை முடிஞ்சிடும்” என்றான் ஒருவன். இன்னொருவர் சோடாத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஓட்டைக்குள் பஞ்சுயிரி இருக்கிறது, புழு இருக்கிறது, பாறையை லைவ் ராக் ஆக்குவதே அவைதான். ஒன்றைக் கொல்லப் போய் எல்லாவற்றையும் அவித்துவிடக் கூடாது. முதலில் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று இருந்தேன்.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு நான்கு இரவு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும் பல உயிர்கள் சிவப்பு வெளிச்சத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நான்காம் இரவு இடது பக்கப் பாறையின் அடியிலிருந்து முதலில் இரண்டு நீள உணர்கொம்புகள் வந்தன, அப்புறம் ஒரு கை. அந்த ஒரு கை மட்டும் உடம்பில் பாதி நீளம், மற்றது குச்சி மாதிரி. கண்கள் தலையோட்டுக்கு அடியில் ஹெல்மெட் போட்டதுபோல மூடியிருந்தன. இது மேன்டிஸ் இல்லை, பிஸ்டல் இறால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய கையை விரித்து மூடியது. டக்!

இந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கொடுக்கின் இரண்டு பக்கமும் மோதுவதால் வருகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கொடுக்கு மூடும் வேகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, அதில் ஒரு குமிழி உண்டாகி உடனே நொறுங்குகிறது, சத்தம் அந்தக் குமிழியுடையது என்று 2000-ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள். சின்ன இரையை மயக்க அந்த அதிர்ச்சியே போதும். பெரிய கொடுக்கு ஒடிந்துபோனால் மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கு வளர்ந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒடிந்த பக்கத்தில் புதிதாகச் சின்னது முளைக்கும்.

பிடிக்க முதலில் மினரல் வாட்டர் பாட்டிலின் தலையை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டுப் பொறி வைத்தேன். மூன்று நாளும் ஹெர்மிட் நண்டுதான் விழுந்தது. சரி என்று பாறையையே வெளியே தூக்கி, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, உப்பு கூட்டிய தண்ணீரைச் சிரிஞ்சால் ஓட்டைக்குள் அடித்தேன். தொட்டித் தண்ணீரின் அடர்த்தி 1.025, இது 1.040. இரண்டாவது சிரிஞ்சுக்கே பொத்தென்று வாளியில் விழுந்தது. 3 சென்டிமீட்டர் இருக்கும். தொட்டித் தண்ணீரில் அலசி, தண்ணீர் வடிகட்டும் துணைத் தொட்டியான சம்ப்பில் விட்டேன். அன்று இரவு ‘டக்’ சம்ப்பிலிருந்து வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்கு நாள் கழித்து இன்னொரு நத்தை உடைந்து கிடந்தது.

யாரைப் பழி சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் எத்தனை இரவு உட்கார்ந்தும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கடைசியில் கண்டுபிடித்தவர் அம்மா. பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டார். “தம்பி, உன் தொட்டியில ஊடாங் லிப்பான் இருக்குய்யா. மார்க்கெட்டுல விப்பாங்களே, பூரான் மாதிரி, அதோட குட்டி. ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கம் சுத்துது.”

ஊடாங் லிப்பான் என்பது மேன்டிஸ் இறாலின் மலாய்ப் பெயர். இரவெல்லாம் தேடியதுதான் என் தப்பு. ஓடு உடைக்கும் வகை மேன்டிஸ்களில் பல பகலில் நடமாடுபவை. இருட்டினால் கல்லையும் ஓட்டுத் துண்டையும் இழுத்துப் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிடும். சனிக்கிழமை காலை காப்பியோடு உட்கார்ந்தேன். பத்து மணி வாக்கில் நடுப்பாறையின் ஓட்டையில் அது எட்டிப் பார்த்தது. இலைப்பச்சை நிறம். காம்பின் நுனியில் இரண்டு கண்கள், ஒன்று என்னைப் பார்க்க, மற்றது மேலே நீந்திய மீனைப் பார்த்தது. கண்ணுக்குக் குறுக்கே ஒரு பட்டை. கைகள் மார்புக்குக் கீழே கும்பிடுபூச்சி போல மடிந்திருந்தன. ஓட்டைக்குக் கீழே மணலில் நத்தை ஓட்டுச் சில்லுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அந்தக் குவியலை முதல் வாரமே தேடியிருக்கலாம்.

இதை வெளியேற்றுவது அவ்வளவு லேசாக இல்லை. உப்பு கூட்டிய தண்ணீருக்கு அசையவே இல்லை, தடித்த வால் தட்டால் வாசலை அடைத்துக்கொண்டது. பாறையை வாளிக்கு மேல் கம்பித்தட்டில் வைத்து அரை மணி நேரம் வடியவிட்டேன். அதற்கும் வரவில்லை. பாறையைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் இன்னொரு சின்ன ஓட்டை. அதன் வழியே உப்பில்லாத ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரை மெதுவாகச் செலுத்தியதும் முன்பக்கமாகப் பாய்ந்து வந்து விழுந்தது. 4 சென்டிமீட்டர்தான், ஆனாலும் வெறும் கையால் தொடவில்லை. இதன் பெரிய உறவான மயில் மேன்டிஸின் அடியை 2004-இல் அளந்தபோது நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை வந்தது. நீளமான இடுக்கியால் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தள்ளினேன்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கொண்டுபோய் விட்டுவிடு என்றார்கள். அதைச் செய்ய மாட்டேன். பாறை எந்தக் கடலிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. பல ஊர் மீன்களோடு ஒரே தண்ணீரில் கிடந்ததை நம் கடலில் விடுவது சரியில்லை. அதனால் 12 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில், ஒரு துண்டு பிவிசி குழாயோடு அது தனியாக வாழ்கிறது. குழாயின் வாயை இரவில் கல் வைத்து அடைத்துக்கொள்கிறது. காலையில் திறந்ததும் அம்மா ஒரு இறால் துண்டு போடுகிறார்.

பிஸ்டல் இறாலைத் திரும்பப் பெரிய தொட்டியிலேயே விட்டேன். ஜோடி சேருமா என்று பார்க்க மஞ்சள் கோபி மீன் ஒன்றும் வாங்கி விட்டேன். சேரவில்லை. கோபியோடு பொந்தைப் பங்கு போட்டுக்கொள்பவை சில இனங்கள் மட்டும்தான், பாறை ஓட்டைக்குள் ஒளிந்து வருபவை பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. பரவாயில்லை, இரண்டும் ஆளுக்கொரு மூலையில் நன்றாகத்தான் இருக்கின்றன.

இன்று காலை எண்ணிப் பார்த்தேன், நத்தைகள் ஒன்பதும் இருக்கின்றன. அடுத்து வாங்கிய பாறை, பம்பு ஓடும் தனி வாளியில், தொட்டித் தண்ணீரில் 21-ஆம் நாளாக இருக்கிறது. பகலில் அதை அம்மா பார்க்கிறார், இரவில் நான்.