இரண்டு விரற்கடை

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். "சேரைப் பற்றி எழுதும்" என்றார். எந்தச் சேர் என்று நான் கேட்கவில்லை. மாசியில் சேர் காலமான செய்தி வந்தபோது அவரிடம் பௌதிகம் படித்த எல்லாரும் வட்ஸ்அப்பில் கைகூப்பினோம். பிறகு கல்வெட்டும், அதாவது நினைவுப் புத்தகமும், வந்தது. ஆனாலும் நான் ஒரு கிளைடரில் இருந்துதான் தொடங்கவேண்டும். சேர் பின்னால் வருவார், ஹம்பர் சைக்கிளில்.

2023இல் ஒரு பழைய சாமான் சந்தையில் 40 பவுணுக்கு அதை வாங்கினேன். ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம். இறக்கை முனைக்கு முனை 2 மீற்றர், மோட்டர் கிடையாது, வாலில் சுக்கானும் ஏற்றி இறக்கும் தட்டும் மட்டும். இடது இறக்கையின் நடுத்தண்டு முறிந்திருந்தது. வாலும் உடைவு. "சின்ன வேலைதான்" என்றார் விற்றவர். பழைய கார் விற்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

மாரி முழுக்கக் கராஜில் கிடந்தேன். பல்சா மரத்தைப் பிளேட்டால் சீவி, முறிந்த தண்டுக்கு இருபக்கமும் மெல்லிய பிளைவுட் வைத்து ஒட்டினேன். அதன்மேல் சூட்டில் சுருங்கும் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டவேண்டும். வீட்டுப் பெட்டியை எடுத்தேன். அதன் பிறகு மனைவியின் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கோடு விழுந்த கதை இந்த மலருக்குத் தேவையில்லை. வால் இனி உடையவே கூடாது என்று எப்பொக்சியைப் பூசி மெழுகினேன். அங்கேதான் பிழை வந்தது.

பறக்கவிடுவது 250 கிராமுக்கு மேல் என்றால் அப்போது இங்கே பிரித்தானியாவில் இணையத்தில் ஒரு சோதனை எழுதவேண்டியிருந்தது. 40 கேள்வி, 30 சரியென்றால் போதுமாக இருந்தது. எனக்கு 40ம் சரி. சோதனை எழுதுவதில் நம் கல்லூரிப் பிள்ளைகளை யார் வெல்வது?

பக்கிங்ஹாம்ஷயரில் ஐவிங்ஹோ என்ற குன்று. சரிவில் மோதும் காற்று மேலே எழும்ப, அதிலேயே கிளைடர்கள் மணிக்கணக்காக மிதக்கும். என்னுடையதை வீசினேன். மூக்கை நிமிர்த்தி நின்றது, குத்தியது, மறுபடி நிமிர்ந்தது, மறுபடி குத்திப் புல்லில் விழுந்தது. தொப்பி போட்ட வயதானவர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினார். வால் தொங்கியது.

எனக்கு முகம் சுட்டது. 87 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை சுட்ட அதே சூடு.

யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை நேரம். எட்டுமூலைப் பட்டம் கட்டி, காற்றில் கூவும் விண் பூட்டி, மைதானத்துக்குக் கொண்டு வந்தேன். முழுக் கல்லூரியும் பார்க்க அது சுற்றிச் சுற்றிக் குத்தியது. சேர் சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு வந்தார். பட்டத்தையும் நூலையும் இணைக்கும் முச்சையை அவிழ்த்தார். முடிச்சை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டினார். பட்டம் எழும்பிற்று, விண் கூவிற்று. "ஐசே, புவியீர்ப்பு மையம் கொப்பியில மட்டும்தானோ?" என்றார். சிரிப்பு அடங்கமுதல் நூலைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். கட்டியவன் நான், தாள் வாங்கியதும் என் காசு. கால் மணி நேரம் அவன் கையில்தான் நூல். ஆமி இருந்த கோட்டைப் பக்கம் ஹெலிச் சத்தம் கேட்டதும் சேரே ஓடிவந்து இறக்கச் சொன்னார்.

தொப்பிக்காரர் ரேடியோவை என்னிடமே தந்தார். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று நான்கு கிராம் ஈயம் வேண்டும் என்றார். மீன்பிடிகாரரின் ஈயக் குண்டுகளை வாங்கி மூக்குக்குள் திணித்தேன். அப்புறம் வேறொரு சிக்கல்: கிளைடர் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலமாகிவிடும். தாழ்ந்த இறக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ரேடியோக் குச்சியைத் தள்ளு, முட்டுக்கொடுப்பதுபோல, என்றார். ஐந்தாம் ஞாயிறு அது எட்டு நிமிடம் நின்றது. எட்டே நிமிடம். அதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

89இல் விசாவுக்கு நற்சான்றிதழ் கேட்டுச் சேர் வீட்டுப் படலையில் நின்றிருக்கிறேன். திண்ணையிலேயே இருந்து எழுதித் தந்தார். "ஆக்கபூர்வமான கைவேலைத் திறன் உடையவர்" என்று ஒரு வரி. விமான நிலையத்தில் காட்டவேண்டி வரவில்லை, இன்னும் பத்திரக் கோவைக்குள் இருக்கிறது. "போய்க் காயிதம் போடும்" என்றார். 35 வருடம். நத்தார், பொங்கல், புதுவருடம் எத்தனை வந்தன, நான் போடவில்லை.

கல்வெட்டில் பட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று நூலைக் கையில் வாங்கியவன் இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். போனவாரம் அழைத்துக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான்.

"எந்தப் பட்டம் மச்சான்?" என்றான்.