ஆன்சிபிள் என்னும் கற்பனைக் கருவி
அறிவியல் புனைகதைக் கருவிகளில் நான் மிகவும் மதிப்பது, உர்சுலா லெ குவின் 1966-இல் வெளியான தம் முதல் நாவலில் அறிமுகப்படுத்திய ஆன்சிபிள்தான். எத்தனை ஒளியாண்டுத் தொலைவாக இருந்தாலும் செய்தியை அக்கணமே சேர்க்கும் கருவி அது. ஒளியின் வேகத்தில் செல்லும் வானொலி அலையைக்கொண்டு, 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா செண்டாரி என்னும் விண்மீனிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வர எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும்.

அவருடைய கதையுலகின் நுட்பம் என்னவென்றால், செய்தி நொடியில் சென்றுவிட, மனிதர்களோ ஒளிவேகத்தை நெருங்கும் கப்பல்களில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. பயணிக்குச் சில மணி நேரமாகத் தோன்றும் பயணத்தில், அவர் விட்டுவந்த உலகில் பல ஆண்டுகள் கடந்து, உற்றார் முதுமையடைந்துவிடுகிறார்கள். பேச முடியும், திரும்பிச் சேர முடியாது என்ற இந்த ஏற்றத்தாழ்வே அக்கதைகளுக்கு உயிர் என்பேன்.

சார்பியல் கோட்பாட்டின்படி, ஒளியை முந்தும் செய்தி சில பார்வையாளர்களுக்கு அனுப்பப்படும் முன்பே வந்து சேர்ந்ததாகத் தோன்றும் (தொலைவிலுள்ள இரு துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் குவாண்டம் பின்னலும் ஒளியை முந்த உதவாது, அதன்வழித் தகவல் அனுப்ப இயலாது). இந்தத் தடையை லெ குவின் மறந்துவிடவில்லை. 1974-இல் வந்த நாவலில், ஷெவெக் என்ற இயற்பியலாளர் காலத்தைப் பற்றிய புதிய கோட்பாட்டை உருவாக்கிய பிறகே அக்கருவி சாத்தியமாகிறது. அக்கோட்பாட்டை எந்த அரசும் தனியுடைமையாக்காதபடி எல்லா உலகங்களுக்கும் ஷெவெக் வழங்கிவிடுகிறார்.