மதுரையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்

உலக உருண்டையில் மதுரையிலிருந்து துபாய் வரை ஒரு நூலை அளந்து எடுங்கள். அதையே கிழக்கே திருப்பினால் கிட்டத்தட்ட சிங்கப்பூரைத் தொட்டுவிடும். துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,010 கி.மீ. இரண்டுக்கும் பயணம் நாலு, நாலேகால் மணி நேரம்.

டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மதியம் 2:00க்குக் கிளம்பும் விமானம் துபாயில் மாலை 4:30க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். "ரெண்டரை மணி நேரம்தானா?" என்பார்கள் வீட்டில். இரவு 11:00க்குக் கிளம்புவது சிங்கப்பூரில் மறுநாள் காலை 5:45 என்று இருந்தால், ஆறே முக்கால் மணி நேரம் என்று எண்ணிக்கொள்வார்கள். இரண்டுமே தப்பு. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இறங்கும் நேரத்தை முதலில் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள். துபாய் 4:30 என்பது நமக்கு மாலை 6:00, ஆக நாலு மணி நேரம். சிங்கப்பூர் 5:45 என்பது நமக்கு விடிகாலை 3:15, ஆக நாலேகால்.

லண்டனுக்கு இந்தக் கணக்கு வருஷத்தில் இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை.

தூரம் தெரிந்தால் நேரத்தை நீங்களே போடலாம்: கிலோமீட்டரை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். ஜெட் விமானம் மேலே மணிக்கு 800 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் போனாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறுவதும் இறங்குவதும் நேரத்தைத் தின்னும். அட்டவணை நேரம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் போய் நிற்பது வரை. இதற்கு மேல் காற்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று ஓடும். அப்போது சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும் காற்று.

மதுரை ஓடுபாதை 2,300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏர்பஸ் 320, போயிங் 737 அளவு விமானங்களுக்குத்தான் சரிப்படும். அதனால் லண்டன் போகிறவர் வேறு ஊரில் மாறியாக வேண்டும். சென்னை வழியென்றால் அங்கிருந்து நேர்க்கோட்டில் 8,200 கி.மீ., பதினொரு மணி நேரத்தை ஒட்டி. இரண்டு விமானங்களுக்கும் டிக்கெட்டை ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்தது உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் போகும். சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அப்படித்தான் எடுக்க வேண்டுமென்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். திரும்பி வரும்போது, ஒரே டிக்கெட்டானாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் பொதுவாகச் சுங்கச் சோதனை. பெட்டியை அங்கே எடுக்கவேண்டி வரும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் ஏமாறுவது தேதியில். 15ஆம் தேதி 00:40, அதாவது நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம், என்றால் 14ஆம் தேதி ராத்திரி 9:40க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திருச்சியிலிருந்து ஏறுவதானால் மதுரையை விட்டு மாலை ஆறரைக்காவது கிளம்பிவிடுங்கள்.