பூட்டுக்கும் இடிப்புக்கும் நடுவில்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: “எங்க தெருமுனையில இருக்கிற அரசுக் கட்டடத்தைப் பூட்டி ஆறு வருஷமாச்சு. ஒரு பொக்லைனைக் கொண்டு வந்தா ரெண்டு நாள் வேலை. ஏன்யா இடிக்க மாட்டேங்கிறீங்க?”

ஓய்வு பெற்ற பிறகும் “மாட்டேங்கிறீங்க” என்று என்னையும் சேர்த்தேதான் கேட்கிறார்கள். அரசுக் கட்டடப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன், கேட்கட்டும். அவர் சொன்னதில் தப்பில்லை. இடிக்க ரெண்டு நாள்தான். அந்த ரெண்டு நாளுக்கு முன்னால் என்னென்ன நடக்கிறது, அதில் எது தேவை, எது வெறும் தாமதம் என்பதை எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் விரிசல் என்று அனுப்பினார்கள். மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல். விரல் நுழையும். நான் அரண்டு போய் உடனே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கூட வந்த மூத்த பொறியாளர் பேனாவை வாங்கி என் சட்டைப் பையிலேயே செருகினார். “தம்பி, எவ்வளவு பெருசுங்கிறது முக்கியமில்ல. இன்னும் வளருதான்னு பாரு.”

அதற்கு ஒரு வழி காட்டினார். விரலளவு அகலத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு. அதை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் கலவையால் அப்பிவிட வேண்டும். பக்கத்திலேயே தேதி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. ஆறு இடத்தில் ஒட்டினோம். ஐந்தாவது வாரம் போனபோது மேற்குப் பக்கம் இரண்டு உடைந்திருந்தன. பிறகு ஒரு தூணில் உளியால் கொஞ்சம் தட்டி, புதிதாக உடைந்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். நல்ல கான்கிரீட் என்றால் ரோஸ் நிறம் பளிச்சென்று வரும். கம்பி இருக்கும் ஆழம் வரைக்கும் நிறமே வரவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். காரம் போனால் கம்பிக்குக் காவல் இல்லை, துரு பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; அதுதான் மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது.

அன்றைக்குத்தான் “கண்டம்” என்ற சொல்லை, அதாவது இந்தக் கட்டடம் இனி உபயோகத்துக்கு உதவாது என்பதை, முதன்முதலாக ஒரு கோப்பில் எழுதினேன். ஜாதகத்துக் கண்டம் என்றால் தப்பித்தவர்கள் உண்டு. கோப்பில் எழுதிய கண்டத்திலிருந்து தப்பித்த கட்டடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் சாவதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் இருக்கிறதே!

ஆபத்தான கட்டடம் என்றால் கதை சுலபம்; உயிர்ப் பயம் கையெழுத்துகளை ஓட வைக்கும். சிக்கல், நன்றாக நிற்கிற ஆனால் யாருக்கும் வேண்டாத கட்டடத்தில்தான். பழுது பார்க்க ஆகும் செலவு, புதிதாகக் கட்ட ஆகும் செலவு, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். வேறு எந்தத் துறைக்காவது தேவையா என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1987-இல் வந்த சட்டப்படி மத்திய அரசுக்கு உபரியாகிப்போன கட்டடம், வீடற்றவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்குப் பயன்படுமா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். எனக்குப் பிடித்த விதி. எங்கள் காலத்தில் ‘தேவையா’ என்று எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை போகும், பதில் வராது. வராத பதிலுக்கு மூன்று நினைவூட்டு.

நண்பரின் எரிச்சலுக்கு நேர்ப் பதில் ஒன்று உண்டு. கட்டடம் உதவாது என்று சொல்கிறவர் வேறு, அதன் பொருளுக்கு விலை வைக்கிறவர் வேறு, ஏலம் விடுகிறவர் வேறு என்று பிரித்து வைத்திருப்பது வேண்டுமென்றேதான். மூன்றும் ஒரே கையில் இருந்தால், தேக்கு உத்தரம் போட்ட எந்தக் கட்டடமும் பத்து வருஷம் தாண்டாது. பழைய கட்டடத்தில் மரம், கதவு, நிலை, இரும்பு எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, அதில் பிரித்தெடுக்கும் கூலியைக் கழித்து, ஏலத்துக்கு அடிப்படை விலை வைப்போம். இடிக்கிறவரே நமக்குப் பணம் கட்டிவிட்டுப் பொருளை எடுத்துப் போவார். வெறும் கான்கிரீட் பெட்டி என்றால் கம்பியைத் தவிர ஒன்றும் தேறாது; நாம்தான் அவருக்குக் கொடுக்க வேண்டி வரும். நுரையீரலைக் கெடுக்கும் நார் கொண்ட ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம்; அதை அகற்றும் செலவு தனி.

பெர்லினில் இருந்த ‘குடியரசு மாளிகை’ அதற்குச் சரியான சாட்சி. கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் கூடிய இடம், 1976-இல் திறந்தது. ஆஸ்பெஸ்டாஸ் அபாயம் என்று 1990 செப்டம்பரில் மூடினார்கள். அதை அகற்றும் வேலை தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி 2003 வரை போனது. இடிப்பு 2006-இல் ஆரம்பித்து 2008-இல் முடிந்தது. பதினாலு வருஷம் திறந்திருந்த கட்டடம், மூடிய பிறகு இடிப்பு ஆரம்பிக்கப் பதினாறு வருஷம் ஆனது! இடிக்கலாமா கூடாதா என்ற அரசியல் சண்டை அதில் பாதி. அது பொறியாளர் கையில் இல்லை.

இங்கிலாந்தில் அந்தச் சண்டையை முன்கூட்டியே முடித்துவைக்க ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தை ஐந்து வருஷத்துக்குப் பாரம்பரியப் பட்டியலில் (அதில் சேர்ந்தால் எளிதில் இடிக்க முடியாது) சேர்க்க மாட்டோம் என்று அரசே எழுதிக் கொடுக்கும். பர்மிங்ஹாமில் 1974-இல் திறந்த மத்திய நூலகத்துக்கு அப்படி ஒரு சான்று வாங்கினார்கள். 2013-இல் மூடினார்கள், 2015 கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். நாற்பது வருஷம்கூட ஓடாத நூலகம். இந்தச் சான்றை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் வேலை நடந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் அனுபவத்தில் எல்லாரும் கோட்டை விடுவது மூடும் கட்டத்தில்தான். பூட்டுப் போட்டால் மூடியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மின்சாரம், தண்ணீர், சாக்கடை மூன்றையும் துண்டித்து, துண்டித்ததற்குச் சான்று வாங்க வேண்டும். ஆவணங்களைப் பிரித்து, வைக்க வேண்டியதை வேறு இடத்தில் ஒப்படைக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர்களை, இருக்கிற விரிசலோடு, படம் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தெருவில் உள்ள அத்தனை விரிசலும் நம் தலையில்தான்.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் சாவிக்கொத்தை ஒப்படைத்ததோடு சரி. இடிப்பதற்கு முதல் நாள் உள்ளே போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. அந்தச் சாவி மட்டும் கொத்தில் இல்லை. உடைத்துத் திறந்தால், ஆளுயரத்துக்குப் பணிப் பதிவேடுகள். மழைத் தண்ணீர் இறங்கி, கீழ் வரிசை ஒட்டிப்போய் செங்கல் மாதிரி ஆகியிருந்தது. எத்தனை பேருடைய ஓய்வூதியக் கணக்கு அந்தச் செங்கலுக்குள்ளே இருந்ததோ. இடிப்பை மூன்று வாரம் தள்ளிவைத்தேன். ஒப்பந்ததாரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அந்த மூன்று வாரத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது: மின் இணைப்பைத் துண்டித்ததாகக் கோப்பில் சான்று இருக்க, பின்பக்க மோட்டார் அறையில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. அடுத்த கட்டடத்திலிருந்து எந்தக் காலத்திலோ இழுத்த வயர்.

அதனால்தான் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் நடந்ததை நான் மறப்பதில்லை. 1997 ஜூலை 13, அங்கே பழைய அரசு மருத்துவமனையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று மக்களையும் அழைத்திருந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏரிக்கரையில் கூடினார்கள். வெடித்ததில் பறந்த இரும்புத் துண்டு, நானூறு மீட்டருக்கும் அப்பால், ஏரியின் மறுகரையில் நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கொன்றது. அந்த இடத்தில் இப்போது தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. இடிப்பை யாராவது திருவிழாவாக்கப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

என் முதல் கட்டடத்துக்கு வருகிறேன். கண்ணாடி ஒட்டிய நாளிலிருந்து நான்கு வருஷம் கழித்து அதை இடித்தோம். மேலிருந்து கீழாக, கட்டிய வரிசைக்கு நேர் எதிராக. மேற்குச் சுவர் இறங்கும்போது நான்கு கண்ணாடித் துண்டுகள் உடையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, பக்கத்தில் என் கையெழுத்தில் தேதி. ஒன்றைப் பெயர்த்தெடுக்கப் பார்த்தேன், விரலை வெட்டிவிட்டது. குழியை நிரப்பி, தரையைச் சமன் செய்து, அறிக்கை அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம். அந்தக் கட்டடத்துக்கு நடப்பு ஆண்டு வெள்ளையடிப்பு எஸ்டிமேட் ஏன் இன்னும் வரவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். சொத்துப் பதிவேட்டில் யாரும் பெயரை அடிக்கவில்லை. இடித்த அறிக்கையின் நகலை இணைத்துப் பதில் போட்டேன். அடுத்த வருஷமும் அதே கடிதம் வந்தது.