தூளிக் கொக்கி

நாளைக் காலை எட்டு மணிக்குப் பேக்கர்ஸ் வண்டி வருகிறது. பாத்திரம், கிரைண்டர், புத்தகம் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயாச்சு. ஹால் நடுவில் தூளி மட்டும் தொங்குகிறது, அதற்குள் பாப்பா தூங்குகிறாள், நான் தரையில் உட்கார்ந்து ஒரு காலால் அதை ஆட்டிக்கொண்டே போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். துணிமணி இன்னும் பாதி அலமாரியில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

இவருக்குப் புனேவுக்கு மாற்றல். "விமானத்துல ரெண்டு மணி நேரம்கூட இல்ல, என்னமோ அமெரிக்கா போற மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க" என்று என் தம்பிகூடச் சொல்லிவிட்டான். சரிதான். ஆனால் போன மாதம் இவர் அங்கே வீடு பார்த்துவிட்டு வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டியபோது, மாடுலர் கிச்சன், பால்கனி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் கேட்டது ஒரே கேள்விதான்: மேலே கொக்கி இருக்கா? போனை மேலே திருப்பினார். ஃபால்ஸ் சீலிங். வட்ட வட்டமாக லைட்.

மேற்கு மாம்பலத்தில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து நாலு வருஷம் ஆகிறது. மாடியில் நாங்கள், கீழே ஹவுஸ் ஓனர் மாமி. வந்த அன்றைக்கே, "ஆணி மட்டும் அடிச்சுடாதேள்" என்றார். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருந்தோம். ஹால் கூரையில் இருந்த இரும்புக் கொக்கி ஃபேன் மாட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா பிறந்தது 2023 நவம்பர் 22. பதினாறாம் நாள், டிசம்பர் 7-ஆம் தேதி, தூளி கட்டுவது என்று அம்மா நாள் குறித்திருந்தார். மிக்ஜாம் புயல் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. ஞாயிறு ராத்திரி பிடித்த மழை திங்கள் முழுக்கக் கொட்டியது, கரண்ட் போனது, தெருவில் முட்டி அளவு தண்ணீர், சாயங்காலத்துக்குள் மாமி வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. இவர் போய் மாமியையும் அவருடைய சாமி படங்களையும் ஒரு அரிசி டின்னையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தார் (அரிசி டின்னைத்தான் முதலில் தூக்கச் சொன்னாராம்). ஃபேன் இல்லை, கொசு, குழந்தை வீல் வீல் என்று அழுகிறாள், தரையெல்லாம் ஜில்லென்று கிடக்கிறது. மாமி கூரையைக் காட்டி, "அதான் கொக்கி இருக்கே, அதுலதான் எம் பிள்ளைகள் ரெண்டு பேரையும் போட்டு ஆட்டினேன், கட்டேன்" என்றார். நாளாவது கிழமையாவது என்று அம்மாவும் தன் பழைய சுங்குடிச் சேலையை மடித்துக் கட்டிவிட்டார். அழுகை பத்து நிமிஷத்தில் நின்றது.

மூன்று ராத்திரி மாமி எங்களோடுதான் இருந்தார். பால் பாக்கெட் கிடைக்காமல் ஊரே அலைந்த நேரம் அது, இருந்த ஒரு பாக்கெட்டில் மூன்று வேளையும் காபி போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவும் நானும் அசந்து தூங்கும்போது மாமிதான் தூளியை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் இருவரும் இப்போது வேறு வேறு நாட்டில். அதற்கப்புறம் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே வந்து அரை மணி நேரம் ஆட்டிவிட்டுப் போவார்.

நடந்ததையெல்லாம் யோசித்தால் பாதிக்கு மேல் அந்தக் கொக்கிக்குக் கீழேதான் நடந்திருக்கிறது. புதன்கிழமை பிறந்தவளுக்கு ஊசியும் புதன்கிழமைதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஒன்றரை மாத ஊசிக்கு ரெண்டு தொடையிலும் ஒவ்வொன்று, கையில் ஒன்று, அது போக வாயில் சொட்டு மருந்து. அன்று ராத்திரி காய்ச்சலில் அவள் தூளியைவிட்டு இறங்கவே இல்லை, நானும் இவரும் ஷிஃப்ட் போட்டு ஆட்டினோம். ரெண்டரை மாதத்தில் ஒரே ஊசியோடு விட்டார்கள், மூன்றரையில் மறுபடியும் மூன்று. நடுவில் உரைமருந்து சண்டை வேறு. மாமியார் ஜாதிக்காய், வசம்பு, கடுக்காய் எல்லாம் கல்லில் உரைத்து ஊற்றலாம் என்கிறார், டாக்டர் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுகூட வேண்டாம் என்கிறார். கடைசியில் கையில் வசம்பு வளையல் மட்டும் போடுவது என்று சமாதானமானோம், அதையும் அவள் சப்பியே கரைத்தாள்.

பெயர் வைக்க ஒன்பது மாதம் ஆனது எங்கள் சோம்பேறித்தனம்தான். ஆஸ்பத்திரியில் பிக்மி நம்பரை (கர்ப்பமானதும் அரசிடம் பதிந்த நம்பர்) வாங்கிப் பிறப்பைப் பதிந்துவிட்டார்கள், பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வயது வரைக்கும் சேர்க்கலாம் என்று தெரிந்ததும் இவருக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. பெயர் முடிவானதும் இனிஷியல் பிரச்சினை. இங்கே அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டால் முடிந்தது. புனேயில் ஒரு பிளே ஸ்கூல் ஃபாரத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. இப்போதைக்கு அங்கே இவர் பெயர் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நீல ஆதாருக்கு எடுத்த போட்டோவில் அவள் அழுகிற அழுகையைப் பார்த்தால் ஏர்போர்ட்டில் யாரும் அடையாளம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மொட்டையும் காதுகுத்தும் செஞ்சி பக்கம் குலதெய்வம் கோயிலில், பதினோராம் மாதம். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பாதி தெம்பு போய்விட்டது. என் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தும்போது பாப்பாவைவிட அவன்தான் அதிகமாக அழுதான்.

வாசல்படி தாண்டியது போன ஜனவரியில். தேங்காய் உடைக்க வேண்டும் என்று நான் உள்ளே ஓடி எடுத்து வருவதற்குள் மாடிப்படி பக்கம் போய்விட்டாள், கீழேயிருந்து வந்த மாமிதான் பிடித்தார். இப்போது அயோத்யா மண்டபம் வரைக்கும் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், வழியில் பார்க்கிற எல்லா வண்டிக்கும் "ஆத்தோ" என்றுதான் பெயர், தண்ணி லாரி உட்பட.

ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்த பிறகு இவர் ஸ்டாண்டு வைத்த தூளி ஒன்று வாங்கி வந்தார், இரும்புக் குழாய், நல்ல கனம்தான். மூன்று ராத்திரி ஒத்திகை பார்த்தோம். அதே ஸ்பிரிங்கு, அதே சுங்குடிச் சேலை, ஆனால் ஆட்டம் வேறு. கூரையிலிருந்து தொங்கினால் நீளமாகப் போய் வரும், இது குட்டையாகக் குதிக்கிறது. எழுந்து உட்கார்ந்து கொக்கியைக் கை காட்டினாள். மூன்றாம் நாள் ஸ்டாண்டை மடித்து அதன் மேல் துணி காயப்போட்டோம், அதற்கு அது பிரமாதமாக இருக்கிறது. பதினேழு மாதம் ஆகிறதே, மெத்தையில் பழக்கு என்கிறார்கள். பழக்கணும். ஒன்றரை வயது ஊசி பாக்கி இருக்கிறது, அதைப் புனேயில்தான் போட வேண்டும், அந்த ராத்திரியை நினைத்தால்தான் கொஞ்சம் பயம்.

இன்று மதியம் மாமியிடம் கணக்கு முடித்தோம். அட்வான்ஸில் பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆணி அடிக்கவில்லையே மாமி என்றேன். "ஆணியா? குழந்தை சுவரெல்லாம் கிரேயான்ல கிறுக்கி வெச்சிருக்கே" என்றார். உண்மைதான். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஆறு மணிக்கு மேலே வந்து அரை மணி நேரம் ஆட்டிவிட்டுப் போனார்.

தூளியைக் கடைசியாகத்தான் கழற்றணும், அது வரைக்கும் ஹாலில் சத்தம் போடாமல் வேலை பார்க்கணும் என்று பேக்கர்ஸ்காரரிடம் இவர் போனில் ரெண்டு தடவை சொல்லிவிட்டார். "தெரியும் சார், எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றாராம்.