மகளுக்கு ஒரு .22 ரைஃபிள் தேடின கதை

என் மேஜை டிராயர்ல ஒரு பேப்பர் டார்கெட் பத்திரமா வச்சிருக்கேன். மேல அஞ்சு ஓட்டை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஒரு சுண்டைக்காய வச்சா மறைஞ்சிடும். கீழ இன்னொரு அஞ்சு ஓட்டை, அதை மறைக்க ஒரு எலுமிச்சம்பழமே வேணும். ரெண்டும் ஒரே ரைஃபிள், ஒரே ஸ்கோப், ஒரே சாண்ட்பேக், நடுவுல இருபது நிமிஷம் கூட ஆகல. தோட்டா டப்பா மட்டும்தான் மாறுச்சு. யாராவது "குறி தப்பாத .22 எது, எதை வாங்கலாம்"னு கேட்டா முதல்ல இந்த பேப்பரைத்தான் போட்டோ எடுத்து அனுப்புறேன், அதுக்கப்புறம்தான் ரைஃபிள் பேரு பத்தியே பேச ஆரம்பிப்பேன். .22-ன்னா குண்டோட அகலம், ஏறக்குறைய 0.22 இன்ச்.

நாங்க இருக்கிறது ஒஹையோவுல, கொலம்பஸ் பக்கம். பொண்ணுக்கு பதிமூணு வயசு. போன வருஷம் ஃபோர்-எச்ங்கிற பிள்ளைங்க அமைப்போட ஷூட்டிங் வகுப்புல சேர்ந்தா. கிளப் ரைஃபிள்லயே ஆறு மாசம் சுட்டுட்டு, "அப்பா, நமக்குன்னு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்ப்பா"ன்னு ஒரு நாள் கார்ல வரும்போது மெதுவா கேட்டா. அவ எதையும் சும்மா கேக்கிற ஆள் இல்ல, அதனால நானும் உக்காந்து ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். இங்க இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். எச்-1பி மாதிரி விசாவுல இருந்தா கடைக்கு போய் துப்பாக்கி வாங்க சட்டப்படி பொதுவா முடியாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, ஆனா அதை வக்கீல்கிட்ட கேக்காம தொடவே தொடாதீங்க. எனக்கு கிரீன் கார்ட் வந்த பிறகுதான் இந்த பேச்சையே எடுத்தேன். ஃபார்ம் 4473 எழுதி, பேக்ரவுண்ட் செக் முடிஞ்சு, என் பேர்ல வாங்கினது. பொண்ணு அதை தொடுறது நான் பக்கத்துல நிக்கும்போது மட்டும்தான். ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு இந்த தோட்டா அந்நியம் இல்ல, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள்ல வெண்கலம் வாங்கினாரே, அதுவும் இதே .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாதான்.

இந்த தோட்டா 1887-ல வந்தது. இன்னைக்கும் அடிப்படை அப்படியே இருக்கு, 40 கிரெய்ன் (ரெண்டரை கிராம் சொச்சம்) ஈயக் குண்டு, சின்ன பித்தளை கூடு. வெடிமருந்தை பத்த வைக்கிற பிரைமர் மருந்து கூட்டோட அடி விளிம்புக்குள்ள இருக்கு, அதனாலதான் ரிம்ஃபயர்னு பேரு. அந்த பிரைமரை ஈரமா உள்ள விட்டு, சுழல வச்சு விளிம்பு முழுக்க பரப்புறாங்க. அது எல்லா தோட்டாவுலயும் ஒரே அளவா பரவணும், பரவலன்னா ஒண்ணு வேகமா போகும் ஒண்ணு மெதுவா போகும். வேகத்துல செகண்டுக்கு 30 அடி வித்தியாசம் வந்தாலே 50 கெஜத்துல கால் இன்ச் மேல கீழ ஆகும், 100 கெஜத்துல முக்கால் இன்ச்சை தாண்டிடும். பெரிய ரைஃபிள் வச்சிருக்கிறவங்க வீட்லயே மருந்து நிறுத்து தோட்டா தயார் பண்ணி இதை சரி பண்ணிக்கிறாங்க, ரிம்ஃபயர்ல அந்த வழியே கிடையாது, ஃபேக்டரி என்ன குடுக்குதோ அதுதான். அதனால .22-ல நாம வாங்குறது ரைஃபிளை மட்டும் இல்ல, அந்த பேரலுக்கு (குண்டு போற குழாய்) பிடிச்ச தோட்டாவையும் தேடி வாங்குறோம், ரெண்டும் சேர்ந்தாதான் ஒரு பொருள். இது எனக்கு புரிய ஆறு மாசம் ஆச்சு.

போல்ட் ஆக்‌ஷன்தான்னு முடிவு பண்ண எனக்கு ரொம்ப நேரம் ஆகல, அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை கையால திறந்து மூடுற வகை. அடுத்த தோட்டாவை தானா ஏத்திக்கிற செமி ஆட்டோமேட்டிக்ல குண்டு வெளிய போறப்பவே உள்ள பாகம் நகர ஆரம்பிக்குது, தோட்டா தடையில்லாம உள்ள போய் வரணும்னு சேம்பரை, அதாவது பேரல் பின்னாடி தோட்டா உக்கார்ற குழியை, கொஞ்சம் தாராளமா விடுறாங்க. போல்ட்ல அந்த அவசியம் இல்ல, கையால மூடி பூட்டுறோம், சேம்பரை இறுக்கமா வைக்கலாம். அதோட கத்துக்கிற பிள்ளைக்கு ஒரு குண்டு, ஒரு மூச்சு, ஒரு யோசனைன்னு பழகுறதுக்கு போல்ட் மாதிரி ஒண்ணு கிடையாது.

சேம்பர்னா என்னன்னு எனக்கு கையில காட்டினது ரேஞ்சுல சனிக்கிழமை தவறாம வர்ற ஒரு பெரியவர். அவர்கிட்ட செக் நாட்டு சிஇசட் கம்பெனியோட 457 எம்டிஆர் ரைஃபிள் இருக்கு, போட்டிக்குன்னு இறுக்கமா மேட்ச் சேம்பர் வெட்டினது. என் கையில குடுத்து மெதுவா போல்ட்டை மூடச் சொன்னார். கடைசி கொஞ்சத்துல ஒரு சின்ன தடை, புது ஜாடிக்கு மூடி திருகும்போது கடைசி சுத்துல வருமே அந்த மாதிரி. அப்புறம் சுடாமலே திறந்து தோட்டாவை வெளிய எடுத்துக் காட்டினார். ஈயக் குண்டோட தோள்ல சுத்திலும் வரி வரியா மெல்லிய கீறல், பேரல் உள்ள திருகு வரியா இருக்கிற ரைஃப்லிங் அதுல பதிஞ்சிருக்கு. குண்டு கிளம்புறதுக்கு முன்னாடியே பேரலோட நடுவுல நேரா உக்காந்திருக்கு, கோணலா கிளம்ப இடமே இல்ல. சாதா சேம்பர்ல குண்டு கொஞ்சம் தூரம் தாவி போய்த்தான் ரைஃப்லிங்கை பிடிக்கும். நூறு ரிவ்யூ படிச்சு புரியாதது அந்த ஒரு கீறலை பார்த்ததும் புரிஞ்சுது.

அப்புறம் பட்டியல் போட்டேன். ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர், சாவேஜ் மார்க் டூ ரெண்டும் விலை கம்மி, காசுக்கு நல்லாவே சுடும். சாவேஜ்ல அக்யூட்ரிகர்னு நாமே இறுக்கம் மாத்திக்கிற ட்ரிகர் வருது, அந்த விலைக்கு அது பெரிய விஷயம். டிக்கா டி1எக்ஸ் ஃபின்லாந்துல சாக்கோ கம்பெனி செய்றது, போல்ட் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும், பத்து தோட்டா மேகஸின், பெரிய டிக்கா டி3எக்ஸோட ஸ்டாக் (தோள்ல வச்சு பிடிக்கிற கட்டை) எல்லாம் இதுக்கும் பொருந்தும். பெர்காரா பி-14ஆர் ஸ்பெயின்ல இருந்து வருது, ரெமிங்டன் 700 அளவுல செஞ்சது, அதனால அதுக்கு சந்தையில கிடைக்கிற ஸ்டாக்கும் ட்ரிகரும் மாட்டலாம், ஆனா கனம். ஆன்ஷூட்ஸ் பத்தி என்ன சொல்ல, 1856-ல ஆரம்பிச்ச ஜெர்மன் கம்பெனி, அவங்க 54 ஆக்‌ஷன் ரைஃபிளை ஒரு தடவை தோள்ல வச்சா கீழ வைக்க மனசு வராது, விலை நமக்கு எட்டாது. பழசு வாங்க பயமில்லன்னா வின்செஸ்டர் 52 தேடிப் பாருங்க, 1980-ல செய்றதை நிறுத்திட்டாங்க, ஆனா நல்ல பேரல் இருக்கிற ஒண்ணு மாட்டுச்சுன்னா இன்னைக்கும் புது ரைஃபிள் பலதை ஓரம் கட்டும்.

நான் கடைசியா நின்னது சிஇசட் 457-ல, அதுலயும் ஸ்காவுட். எம்டிஆர் மேல ஆசை இருந்துச்சு, மறைக்கல. ஆனா பொண்ணுக்கு கேம்ப் பெர்ரி போகணும்னு கனவு, ஈரி ஏரிக் கரையில ஜூலை மாசம் சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்) நடத்துற போட்டி, அதுல ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர்னு ஒரு பிரிவு. அந்த விதிப்படி ரைஃபிள் ஸ்கோப்போட சேர்த்து ஏழரை பவுண்டுக்குள்ள இருக்கணும், ட்ரிகர் மூணு பவுண்டாவது இருக்கணும். கனமான பேரல் இருக்கிற எல்லாமே அங்கயே அடிபட்டுப் போச்சு. படுத்து சுடுறது, உக்காந்து சுடுறது, நின்னு சுடுறதுன்னு மூணும் உண்டு, நின்னு சுடும்போது பதிமூணு வயசு கைக்கு எட்டு பவுண்டு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு ஸ்டாக் நீளம். ட்ரிகர்ல இருந்து தோள் வரைக்கும் இருக்கிற அளவு. பெரியவங்க ரைஃபிள் பதிமூணரை இன்ச்சுக்கு மேல வரும், ஸ்காவுட்ல 12 இன்ச். கடையில அவளை நீளமான ஒண்ணை பிடிக்கச் சொன்னேன், கழுத்தை முன்னாடி நீட்டி, இடுப்பை பின்னாடி வளைச்சு, ஸ்கோப்புக்குள்ள கறுப்பு நிழலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. ஸ்காவுட்டை குடுத்ததும் கன்னம் தானா மரத்துல போய் உக்காந்துச்சு. அதை பாத்த அந்த நொடியிலயே எனக்கு முடிவு ஆயிடுச்சு. உடம்புக்கு பொருந்தாத ரைஃபிள் இரும்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரிதான் சுடும். வளர்ந்த பிறகு அதே பேரலையும் ஆக்‌ஷனையும் கழட்டி பெரிய ஸ்டாக்ல மாட்டிக்கலாம், 457 எல்லாத்துக்கும் அது பொது.

பேரல் சின்னதா இருக்கே, பதினாறரை இன்ச்தானேன்னு ஒரு நண்பர் கேட்டார். .22 தோட்டாவுல மருந்து ரொம்ப கொஞ்சம், பதினாறு இன்ச்சுக்குள்ளயே பெரும்பாலும் எரிஞ்சு முடிஞ்சிடும், அதுக்கு மேல நீளம் குடுக்கிறது ஸ்கோப் இல்லாம பேரல் மேலயே இருக்கிற ஐயன் சைட்டுக்கு வசதி, குறிக்கு இல்ல. போல்ட்டை 60 டிகிரி தூக்கினா போதும், பழைய 455-ல 90 தூக்கணும், வேகமா சுடுற சுத்துல அது கைக்கு தெரியும்.

எவ்வளவு குறி தேவைங்கிறதையும் ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. ஒலிம்பிக் 50 மீட்டர் டார்கெட்ல பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர்தான், அதுக்கு ஆன்ஷூட்ஸ் தேவை, ஒத்துக்கிறேன். ஸ்போர்ட்டர் போட்டியில பத்தாம் வளையமே ஒன்றரை இன்ச்சுக்கு மேல. 50 கெஜத்துல அரை இன்ச்சு சொச்சத்துல அஞ்சு குண்டு போடுற ரைஃபிள் அவளுக்கு தாராளம், மிச்ச காசு தோட்டாவுக்கு.

ஸ்கோப்ல ஒரே ஒரு விஷயம் பாருங்க, பேரலாக்ஸ். பெரிய ரைஃபிள் ஸ்கோப் நிறைய 100 கெஜத்துக்கு செட் பண்ணி வரும், 25 கெஜத்துல கண்ணை லேசா நகர்த்தினா குறுக்கு கோடு டார்கெட் மேல நடக்கும். ரிம்ஃபயர்னு போட்டதையோ இல்ல தூரம் மாத்திக்கிற மாதிரி இருக்கிறதையோ வாங்குங்க. 457-ல ஸ்கோப்பை மாட்ட 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரிங் வேணும், நான் அதுல பொருந்தாத வீவர் ரிங் வாங்கிட்டு வந்து திருப்பிக் குடுத்தேன், ஒரு வாரம் போச்சு.

அதுக்கப்புறம்தான் உண்மையான வேலை. ஏழு வகை தோட்டா வாங்கினேன், எல்லாமே ஸ்டாண்டர்ட் வேகம், செகண்டுக்கு 1050-ல இருந்து 1080 அடிக்குள்ள. ஹை வெலாசிட்டி பக்கம் போகல, அது சத்தத்தோட வேகத்துக்கு மேல கிளம்பி வழியில கீழ இறங்கும்போது குண்டு தடுமாறுது. வகை மாத்தும்போது முதல் பத்து பதினஞ்சு குண்டை கணக்குல சேக்கல, குண்டு மேல மெழுகு தடவியிருக்கும், பேரல்ல பழைய மெழுகு போய் புது மெழுகு படியணும். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு குண்டு வீதம் அஞ்சு குரூப். குரூப்னா ஒரே குறிக்கு சுட்ட ஓட்டைங்களோட கூட்டம், அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. மூணு குண்டு குரூப்பை வச்சு யாராவது பெருமை பேசினா நம்பாதீங்க, மூணு குண்டு அதிர்ஷ்டத்துல கூட சேரும். காத்து இல்லாத காலையில போங்க, பத்து மைல் குறுக்கு காத்து 50 கெஜத்துல ஏறக்குறைய ஒரு இன்ச் தள்ளிடும், அப்புறம் நீங்க அளக்கிறது தோட்டாவை இல்ல, காத்தை.

ரெண்டாவது நாள் எல்லா குரூப்பும் திடீர்னு விரிஞ்சு போச்சு. தோட்டா மேல சந்தேகப்பட்டேன், ஸ்கோப் மேல சந்தேகப்பட்டேன், ராத்திரி தூக்கம் வரல. கடைசியில ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் பிடிக்கிற ஸ்க்ரூ ஒண்ணு கால் சுத்து தளர்ந்திருந்துச்சு. இப்ப இறுக்கத்தை அளந்து முடுக்குற ஒரு சின்ன டார்க் (torque) ஸ்க்ரூட்ரைவர் பையிலயே இருக்கு, ரேஞ்சுக்கு போனதும் ரெண்டு ஸ்க்ரூவையும் அதே அளவுக்கு பாத்துட்டுத்தான் முதல் குண்டு.

முடிவுல சிசிஐ ஸ்டாண்டர்ட் தோட்டாவோட குரூப் சராசரி 0.8 இன்ச். ஒரு டப்பா இருபது டாலருக்கு மேல குடுத்து வாங்கின உசந்த தோட்டா 0.7. எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் 0.55, அதுதான் மேல சொன்ன சுண்டைக்காய். இது என் பேரலோட ருசி, உங்க பேரலுக்கு தலைகீழா இருக்கலாம், அதே மாடல் அடுத்த நம்பர் ரைஃபிளுக்கே மாறும். டப்பா ஓரத்துல லாட் நம்பர் (ஒரே தடவையில தயாரிச்ச தொகுதியோட நம்பர்) இருக்கும், அதை எழுதி வச்சுக்கோங்க, அதே தோட்டாவோட அடுத்த லாட் வேற மாதிரி சுடலாம். இதுக்குன்னே லாப்புவா கம்பெனிக்காரங்க டெஸ்ட் சென்டர் வச்சிருக்காங்க, ரைஃபிளை கொண்டு போனா லாட் லாட்டா சுட்டு பாத்து எது பிடிக்குதுன்னு சொல்வாங்க.

வீட்ல ட்ரிகர் பழகுறதுக்கு ஒரு விஷயம். .22-ஐ காலியா சுட்டா சில ரைஃபிள்ல ஃபயரிங் பின் சேம்பர் விளிம்புல போய் இடிச்சு தழும்பு விழும். ஹார்ட்வேர் கடையில சுவர்ல ஸ்க்ரூ போட விக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் கச்சிதமா .22 சேம்பருக்குள்ள உக்காரும், நூறு வாங்கினா ரெண்டு வருஷம் வரும். தோட்டா இன்னொரு அறையில பூட்டி, ரைஃபிள் உள்ள ரெண்டு பேர் கண்ணால பாத்து, விரல் விட்டு தடவிப் பாத்து, அப்புறம்தான் ஆங்கர் உள்ள போகும். பொண்ணு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இருபது தடவை நின்ன நிலையில பண்றா, ஸ்கோப்ல சுவர்ல ஒட்டின சின்ன கறுப்பு புள்ளி. முடிஞ்சதும் நான் சேஃப்ல பூட்டுறேன், சாவி என்கிட்ட.

போன சனிக்கிழமை நின்னு 25 கெஜத்துல பத்து குண்டு போட்டா. எட்டு கறுப்புக்குள்ள. அந்த பெரியவர் தொலைநோக்கியில பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அவர் டப்பாவுல இருந்து இன்னும் பத்து தோட்டா எடுத்து அவ பக்கம் நகர்த்தி வச்சார். அவ என்னை திரும்பிப் பாத்தா. "அது வேற லாட்டு அங்கிள், எனக்கு எங்களோடதே போதும்"னு சொல்லிட்டு எங்க டப்பாவை திறந்தா.